மனை வாங்கும் முன்பே மண்ணைத் தோண்டிப் பார்க்க வேண்டுமா?

பதிவு 1 | முதல்வீடு

வணக்கம். வீடு கட்ட ஒரு மனை பார்த்திருக்கிறோம். 12 மீட்டர் அகலம், 18 மீட்டர் நீளம். சுற்றிலும் நாலைந்து வீடுகள் வந்துவிட்டன, மற்றதெல்லாம் வெற்று மனைகள். பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டேன், வில்லங்கம் எதுவும் இல்லை என்றார். விற்பவர் இந்த மாதமே முன்பணம் கேட்கிறார். வேறு இரண்டு பேர் காத்திருக்கிறார்களாம்.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. பக்கத்து மனைகளில் புல்லும் முள்ளும் மண்டிக் கிடக்கின்றன. இதில் மட்டும் புதிதாகச் செம்மண் பரப்பி, தரை பலகைபோல மட்டமாக இருக்கிறது. பின்பக்க மூலையில் அந்தச் செம்மண்ணையும் மீறிக் கோரை முளைத்திருக்கிறது. என் மனைவிதான் முதலில் கவனித்தாள். கோரை சும்மா முளைக்காது, அடியில் ஈரம் இருக்கிறது என்கிறாள். எதற்காக மண் கொட்டினீர்கள் என்று விற்பவரிடம் கேட்டேன். "கொஞ்சம் பள்ளமாக இருந்தது, மேடாக்கிக் கொடுத்தால் உங்களுக்குத்தானே நல்லது" என்றார்.

மண்ணைப் பற்றியெல்லாம் வாங்கிய பிறகு பொறியாளர் பார்த்துக்கொள்வார், இப்போது பத்திரம் சரியாக இருந்தால் போதும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வாங்கும் முன் எதை எதைப் பார்க்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | விரிசல்சுவர்

தம்பி, முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் வாங்கியதும் இப்படி மேடாக்கிய மனைதான். கோடையில் பார்த்தேன், காய்ந்து கெட்டியாக இருந்தது. காலால் ஓங்கி மிதித்துப் பார்த்து, நல்ல தரை என்று நானே சொல்லிக்கொண்டேன். வீடு முடிந்து குடிபோன முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருஷம் படுக்கையறை ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து மயிரிழைபோல ஒரு கோடு, சாய்வாகத் தரையை நோக்கி இறங்கியது. பூச்சு வெடிப்பு என்று நினைத்துப் பட்டி வைத்து வண்ணம் அடித்தோம். ஆறு மாதத்தில் அதே இடத்தில் அதே கோடு. இந்தத் தடவை நாணயத்தின் விளிம்பு உள்ளே போனது.

பார்க்க வந்த பொறியாளர் ஒரு கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினார். சுவர் அசைவது நின்றிருந்தால் கண்ணாடி முழுசாக இருக்கும் என்றார். தினமும் காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். பதினேழாம் நாள் அது இரண்டாகக் கிடந்தது.

பிறகு அடித்தளத்தை ஒட்டித் தோண்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வீட்டின் முன்பாதி பழைய தரையில் நிற்கிறது. பின்பாதி, ஒரு காலத்தில் குட்டையாக இருந்து கட்டிட இடிபாடு கொட்டி மூடிய இடத்தில் நிற்கிறது. முன்பாதி இருந்த இடத்திலேயே இருக்க, பின்பாதி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது. வாங்கும் முன் ஒரு குழி, ஒரே ஒரு நாள் கூலி. அதைச் செய்யாமல் விட்டதற்கு எட்டு வருஷமாகச் செலவு செய்கிறேன்.

பதிவு 3 | மண்ணாய்வாளர்

விரிசல்சுவர் ஐயா சொன்னதில் ஒரு வரி ரொம்ப முக்கியம்: பாதி பழைய தரை, பாதி கொட்டிய மண். வீடு மொத்தமும் ஒரே சீராக இரண்டு அங்குலம் இறங்கினால் வாசல்படியும் குழாய் இணைப்பும்தான் சிரமப்படும், சுவர் தாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் இறங்காவிட்டால்தான் சுவர் கிழிகிறது. ஜன்னல் மூலையில் சாய்வாகக் கிளம்பும் விரிசல் பெரும்பாலும் இந்தக் கதையைத்தான் சொல்லும்.

இத்தாலியின் பைசா சாய்ந்த கோபுரம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். 1173இல் தொடங்கினார்கள். மூன்றாம் அடுக்கு வந்தபோதே அடியிலிருந்த மென்களிமண் அமுங்க ஆரம்பித்துவிட்டது. போர்களால் வேலை ஏறக்குறைய நூறு வருஷம் நின்றுபோனது. அந்த இடைவெளிதான் கோபுரத்தைக் காப்பாற்றியது என்பது மண்ணியல் அறிஞர்களின் கணிப்பு. களிமண்ணில் இருந்த நீர் மெல்லக் கசிந்து வெளியேறி மண் இறுகியது. ஒரே மூச்சாகக் கட்டியிருந்தால் அப்போதே சரிந்திருக்கும். 1990இல் மூடி, சாய்வுக்கு எதிர்ப்புறமான வடக்குப் பக்க மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, சாய்வை ஏறக்குறைய 5.5 பாகையிலிருந்து 4 பாகைக்குக் குறைத்து, 2001இல் மறுபடி திறந்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், களிமண் உடனே அமுங்காது. மணல் கட்டும்போதே அமுங்கி முடித்துவிடும். களிமண்ணில் நீர் வெளியேற வேண்டும், அதற்கு வருஷக் கணக்கில் ஆகும். 1920களில் மண் பொறியியலாளர் கார்ல் டெர்சாகி இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். களிமண் அடுக்கின் தடிமன் இரண்டு மடங்கானால், அமுங்கி முடிய நான்கு மடங்கு காலம் ஆகும். "பக்கத்து வீடு கட்டி ஒரு வருஷம் ஆகிறது, ஒன்றும் ஆகவில்லையே" என்று விற்பவர் காட்டினால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மண் கொட்டியதே தவறு என்று சொல்லவில்லை. நல்ல மண்ணை 15 முதல் 30 சென்டிமீட்டர் வரை அடுக்கடுக்காகப் பரப்பி, ஈரம் பார்த்து, ஒவ்வொரு அடுக்கையும் இயந்திரத்தால் இறுக்கியிருந்தால் அதன்மேல் கட்டலாம். அப்படிச் செய்தவர்களிடம் சோதனைக் குறிப்பு இருக்கும். லாரியில் கொண்டுவந்து கவிழ்த்து மேலே மட்டம் தட்டியது என்றால் அது வெறும் குவியல்தான்.

பதிவு 4 | தூக்குக்குண்டு

முப்பது வருஷமாகக் கொத்து வேலை பார்க்கிறேன். கணக்கெல்லாம் ஐயா சொல்லட்டும், குழியை எப்படிப் பார்ப்பது என்று நான் சொல்கிறேன்.

முதலில் விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். கேட்கும்போதே பாதி பதில் கிடைத்துவிடும். மடியில் கனம் இல்லாதவர் தோண்டிப் பாருங்கள் என்பார்.

ஒரு குழி போதாது, மூன்று வேண்டும். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, சந்தேகப்படும் இடத்தில் ஒன்று. உங்களுக்குக் கோரை முளைத்த மூலை. எல்லோரும் நடந்து போகும் இடத்தில் தோண்டிவிட்டு நல்ல மண் என்று சொல்லக் கூடாது. இரண்டு மீட்டர் ஆழமாவது வேண்டும். சிறிய மண்வாரி இயந்திரம் கிடைத்தால் அரை நாளில் மூன்றும் முடிந்துவிடும்.

குழியின் சுவரைத்தான் பார்க்க வேண்டும், வெளியே கொட்டிய மண்ணை அல்ல. இயந்திரத்தின் பல் பட்ட இடம் பூசியதுபோல ஒரே நிறமாகத் தெரியும். கரண்டியால் மேலிருந்து கீழாக ஒரு முழ அகலத்துக்குச் சீவிவிட்டால் அடுக்குகள் தெளிவாகத் தெரியும். இயற்கையான மண்ணில் நிறம் மெல்ல மாறும், பழைய வேர்த்தடம் நேராக இறங்கும். கொட்டிய மண்ணில் நிறம் துண்டு துண்டாக, கலந்த மாவுபோல இருக்கும். நடுவில் செங்கல் சில்லு, ஓட்டுத் துண்டு, பிளாஸ்டிக் பை, சாக்கு எதாவது கண்ணில் படும். இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக, மக்கிய வாசனையோடு ஒரு கோடு இருந்தால், அதுதான் பழைய தரையின் புல். அந்தக் கோடு வரைக்கும் கொட்டியது, அதற்குக் கீழேதான் உண்மையான மனை.

அப்புறம், குழிக்குள் ஆளை இறக்காதீர்கள். இடுப்பளவுக்கு மேல் போனால் மேலே நின்றே நீளக் கம்பில் கரண்டியைக் கட்டிச் சீவுங்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை. சரியும்போது கத்தக்கூட நேரம் இருக்காது, நான் பார்த்திருக்கிறேன்.

குழியை மறுநாள் காலை வரை மூடாமல் வேலி கட்டி வையுங்கள். இரவில் ஊறிய தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று குச்சி விட்டு அளந்துகொள்ளுங்கள்.

பதிவு 5 | கட்டுமானர்

எல்லோரும் அவரைப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. கட்ட முடியாத மண் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. சதுப்பிலும் கட்டுகிறார்கள், கடலை மூடியும் கட்டுகிறார்கள். கரிசல் என்றால் அண்டர்ரீம்டு பைல் (அடிப்பக்கம் அகன்ற கான்கிரீட் தூண்), கொட்டிய மண் என்றால் கெட்டித் தரை வரை பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் தூண்), எல்லா இடமும் மென்மை என்றால் ராஃப்ட் (வீட்டுக்கு அடியில் முழுவதும் ஒரே கான்கிரீட் பலகை). இடம் நன்றாக இருந்து, வழியும் சுற்றமும் பிடித்திருந்தால், மண்ணுக்காக விட்டுவிட வேண்டியதில்லை. அடித்தளத்தில் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான்.

பதிவு 6 | மண்ணாய்வாளர்

கட்டுமானர் நண்பரே, நீங்கள் சொல்வது பொறியியலாகச் சரி. ஆனால் அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்று எப்போது தெரியவேண்டும்? விலை பேசும் முன்பா, பத்திரம் பதிந்த பிறகா? முன்பே தெரிந்தால் அந்தத் தொகையை மனை விலையில் கழித்துப் பேசலாம், இல்லை விலகிக்கொள்ளலாம். பின்னால் தெரிந்தால் முழுச் சுமையும் வாங்கியவர் தலையில். நான் வாங்காதே என்று சொல்ல வரவில்லை, தெரிந்துகொண்டு வாங்கு என்றுதான் சொல்கிறேன்.

இன்னொன்று, அடித்தளத்தைப் பலமாகப் போட்டால் வீடு நிற்கும், மண் நிற்குமா? 1964இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் நிலநடுக்கம் வந்தபோது, ஆற்றோர மணலில் கட்டிய அடுக்குமாடிகள் உடையாமல் அப்படியே சாய்ந்தன. ஒரு கட்டிடம் ஏறக்குறைய படுத்தே விட்டது, சுவரில் பெரிய சேதம் இல்லை. நீர் நிறைந்த தளர்ந்த மணல் குலுங்கும்போது குழம்பாகிவிடுகிறது. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 2010, 2011 நிலநடுக்கங்களுக்குப் பிறகு ஏறக்குறைய 8,000 வீடுகள் இருந்த நிலத்தை அரசே வாங்கி, குடியிருப்புக்கு ஆகாது என்று காலி செய்தது. அந்த வீடுகளில் பழுது பார்க்கக்கூடியவையும் இருந்தன. நிலம் வீணாகிவிட்டதால் போக வேண்டியதாயிற்று.

முதல்வீடு அவர்களுக்கு: குழி தோண்டுவது முதல் படிதான். ஓர் அடித்தளத்தின் பாரம் அதன் அகலத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழம் வரை மண்ணில் உறைக்கும். 1.5 மீட்டர் அகல ஃபுட்டிங் (தூணுக்கு அடியில் போடும் அகலமான கான்கிரீட் பாதம்) என்றால் அதன் அடியிலிருந்து இன்னும் 3 மீட்டர். இரண்டு மீட்டர் குழி அதைக் காட்டாது. குழியில் சந்தேகம் வந்தால் துளையிட்டு எஸ்பிடி (SPT) என்ற மண் உறுதிச் சோதனை செய்யச் சொல்லுங்கள். 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் 45 சென்டிமீட்டர் இறங்கும் வரை அடிப்பார்கள். கடைசி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருந்தது என்பதே N எண். களிமண்ணில் அது நாலுக்குக் கீழே இருந்தால் மென்மையானது.

பதிவு 7 | நீர்வழி

மண்ணைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டீர்கள். என் வேலை வடிகால் வரைபடம் போடுவது, அதனால் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டும். கட்டுமானர் சொன்ன எந்த அடித்தளமும் தெருவில் நிற்கும் தண்ணீரை வடித்துவிடாது. வீடு அசையாமல் நிற்கும், நீங்கள் வெளியே போக முடியாது.

மனையை மழையில் பாருங்கள். முடிந்தால் கொட்டும்போதே போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தப் பக்கம் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பாருங்கள். விட்ட பிறகு எவ்வளவு நேரத்தில் வடிகிறது என்பதையும் பாருங்கள்.

"நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்தான்" என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் அதற்கு அர்த்தம். போன வருஷம் வந்தது என்பதற்காக இந்த வருஷம் வராமல் இருக்காது. 30 வருஷம் அந்த வீட்டில் இருந்தால், ஒரு தடவையாவது வருவதற்கு வாய்ப்பு நூற்றில் 26. நாலில் ஒரு வாய்ப்பு!

பதிவு 8 | முதல்வீடு

எல்லோருக்கும் நன்றி. தூக்குக்குண்டு அண்ணன் எழுதியதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். விற்பவரிடம் குழி தோண்டக் கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

நீர்வழி அக்கா, இங்கே இப்போது மழை இல்லை, அடுத்த மழைக்கு மாதங்கள் ஆகும். அதுவரை அவர் காத்திருக்க மாட்டார். காய்ந்த காலத்தில் தண்ணீரை எப்படிப் பார்ப்பது?

பதிவு 9 | நீர்வழி

தண்ணீர் வந்து போன இடத்தில் தடம் விட்டுப் போகும் தம்பி.

பக்கத்து வீடுகளின் மதில் சுவரைக் குனிந்து பாருங்கள். உப்புப் பூத்து, வண்ணம் உரிந்து, ஒரே மட்டத்தில் நீளமாகக் கோடு போகிறதா? அடிமட்டத்திலிருந்து ஒரு சாண் வரை இருந்தால் மண்ணின் ஈரம் ஏறியதாக இருக்கலாம். தெருவில் எல்லா மதிலிலும் ஒரே உயரத்தில் இருந்தால் அது வெள்ளம் நின்ற மட்டம். மரத்தின் அடியில், வேலிக் கம்பியில், சிக்கிக் காய்ந்த வைக்கோலும் பிளாஸ்டிக்கும் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்றும் பாருங்கள்.

பழைய வீட்டு வாசல்படிகளை எண்ணுங்கள். ஒரு மனை பார்க்கப் போனபோது எதிர்வீட்டில் கவனித்தேன், வாசலில் மூன்று படி ஏறி, நிலையைத் தாண்டியதும் இரண்டு படி உள்ளே இறங்க வேண்டியிருந்தது. தண்ணீர் உள்ளே வராமல் இருக்க வாசலில் அணைபோலக் கட்டியிருந்தார்கள். அந்தப் படிகளைப் பார்த்ததும் விற்பவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டாரிடம் "வெள்ளம் வருமா" என்று கேட்காதீர்கள். வராது என்றுதான் சொல்வார்கள், அவர்களுக்கும் வீட்டு மதிப்பு இருக்கிறது அல்லவா. "போன பெருமழையில் எந்தப் பொருளையெல்லாம் மேலே தூக்கி வைத்தீர்கள்" என்று கேளுங்கள். தூக்கி வைத்தவர்கள் மறக்காமல் வரிசையாகச் சொல்வார்கள்.

கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களை வருஷம் வருஷமாகத் தள்ளிப் பார்க்கலாம். மழை மாதத்துப் படம் ஒன்றையாவது தேடுங்கள். இன்றைக்குச் செம்மண்ணாகத் தெரியும் இடம் பத்து வருஷத்துக்கு முன் கறும்பச்சையாகவோ பளபளப்பாகவோ இருந்ததா என்று தெரிந்துவிடும். பழைய நில அளவை வரைபடத்தில் ஓடை, வாய்க்கால், குட்டை எதாவது குறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். வாய்க்காலை மூடலாம், ஆனால் மழை பெய்தால் தண்ணீர் பழைய வழியைத்தான் தேடும்.

பதிவு 10 | அளவுக்கோல்

நில அளவைக்காரன் பங்குக்கு ஓரிரண்டு.

பத்திரத்தில் இருக்கும் மனையும் நீங்கள் நிற்கும் மனையும் ஒன்றுதானா என்று அளந்து பாருங்கள். கைப்பேசி வரைபடத்தில் நீலப் புள்ளி மனைக்குள் இருக்கிறது என்று திருப்திப்படுபவர்களைப் பார்க்கிறேன். திறந்த வெளியிலேயே கைப்பேசிக்கு ஏறக்குறைய 5 மீட்டர் பிழை உண்டு. உங்கள் 12 மீட்டர் அகலத்தில் அது கிட்டத்தட்ட பாதி. எல்லைக் கல்லிலிருந்து கல்லுக்கு அளந்து, மூலைவிட்டம் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் சரியாக இருந்தும் மனை கோணலாக இருக்கலாம், மூலைவிட்டம்தான் காட்டிக்கொடுக்கும். உங்கள் மனை சதுரமூலையாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய 21.63 மீட்டர் வர வேண்டும்.

தெரு மட்டத்துக்கு மனை எவ்வளவு மேலே என்று லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். சாலையை ஒவ்வொரு தடவை போடும்போதும் மேடாக்குவார்கள், இன்றைய சாலை மட்டத்தை நம்பிக் கட்டாதீர்கள். கழிவுநீர்க் குழாய் எந்த ஆழத்தில் போகிறது என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக் குழாய் அதைவிட மேலே இருந்தால்தான் தானாக ஓடும்.

வழி யாருடையது என்பதும் முக்கியம். லாரி போகிறதே என்று பார்க்காதீர்கள், அந்த வழியில் போக உங்களுக்கு எழுத்தில் உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். மனைக்கு மேலே மின்கம்பியோ அடியில் குழாயோ போனால் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று அந்தந்தத் துறையிடமே கேளுங்கள். தள்ள வேண்டியதைத் தள்ளியபின் மிஞ்சும் அளவில்தான் வீடு.

பதிவு 11 | புதுவிதை

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். துளையிட்டுச் சோதிக்க வசதி இல்லாதவர்கள் கையாலேயே ஏதாவது பார்க்க முடியுமா?

பதிவு 12 | மண்ணாய்வாளர்

முடியும். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி அசையாத இடத்தில் வையுங்கள். மணல் ஓரிரு நிமிஷத்தில் அடியில் உட்காரும். வண்டல் இரண்டு மூன்று மணி நேரத்தில். களிமண் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். மறுநாள் அடுக்குகளை அளவுகோலால் அளந்தால் எது எவ்வளவு என்று தெரியும்.

அடுத்தது விரலால் திரிப்பது. ஈர மண்ணை உள்ளங்கையில் வைத்துக் கயிறுபோல உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமன் வரை உடையாமல் திரிந்தால் களித்தன்மை உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த மண் அறிஞர் அட்டர்பெர்க் 1911இல் தொடங்கிவைத்த முறைதான் இது, இன்றும் ஆய்வகத்தில் இதே திரியைத்தான் உருட்டுகிறோம். காய்ந்த நிலத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்புகள் வலைபோலப் பரவியிருந்தால், அது மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் களி. 1976இல் பிரிட்டனில் கடும் வறட்சி வந்தபோது களிமண்ணில் நின்ற ஏராளமான வீடுகள் விரிசல் விட்டன. பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் அது உறிஞ்சும் நீரும் சேர்ந்து மண்ணை இன்னும் சுருக்கும்.

ஆனால் இவை மண் எந்த வகை என்று சொல்லும், எவ்வளவு தாங்கும் என்று சொல்லாது. கைப்பரிசோதனையை வைத்து அடித்தளம் போட்டுவிடாதீர்கள்.

பதிவு 13 | விரிசல்சுவர்

மூக்கையும் மறக்க வேண்டாம். குழியில் எண்ணெய் வாடையோ மருந்து வாடையோ அடித்தால் அது வேறு பிரச்சினை. அமெரிக்காவில் நயாகரா அருவிக்குப் பக்கத்தில் லவ் கெனால் என்ற இடம். பாதியில் விட்ட கால்வாயில் 1940களிலும் 50களின் தொடக்கத்திலும் ரசாயனக் கழிவைக் கொட்டி மூடி, அதன்மேல் பள்ளிக்கூடமும் சுற்றிலும் வீடுகளும் வந்தன. 1978இல் அவசரநிலை அறிவித்து ஜனங்களை வெளியேற்றினார்கள். மனையில் முன்பு பட்டறை, சாயக்கூடம், குப்பைமேடு எதாவது இருந்ததா என்று விசாரியுங்கள். இதற்கு எந்த அடித்தளமும் மருந்து இல்லை.

பதிவு 14 | முதல்வீடு

தோண்டிவிட்டோம். விற்பவர் முதலில் ஒரு குழிக்குத்தான் சம்மதித்தார், அதுவும் தெருவை ஒட்டி. நானும் மனைவியும் விடாமல் பேசி மூன்றுக்குச் சம்மதம் வாங்கினோம்.

தெருவோரக் குழியில் 40 சென்டிமீட்டர் செம்மண், அதற்குக் கீழே பழுப்பு நிறத்தில் கெட்டி மண், வேர்த்தடம் நேராக இறங்கியிருந்தது. பார்த்ததும் மனசு குளிர்ந்துவிட்டது. நடுக்குழியில் செம்மண் ஒரு மீட்டர். கோரை மூலையில் கரண்டியால் சீவியபோது செம்மண், அதன்கீழ் செங்கல் சில்லும் ஓடும், ஒரு கிழிந்த சிமெண்ட் சாக்கு, 1.7 மீட்டரில் அண்ணன் சொன்ன அதே கறுப்புக் கோடு. அதற்கும் கீழே சாம்பல் நிறச் சேறு. மனைவி ஒரு உருண்டை எடுத்துத் திரித்தாள், நூல்போல நீண்டது. ஒரு நத்தை ஓடும் அதில் இருந்தது. மறுநாள் காலையில் போனால் அந்தக் குழியில் மட்டும் முழங்கால் அளவுக்குத் தண்ணீர்.

எதிர்வீட்டு அம்மாவிடம் அக்கா சொன்னபடியே கேட்டேன். அரிசி மூட்டை, தையல் இயந்திரம், பிள்ளைகளின் புத்தகம் என்று யோசிக்காமல் சொன்னார்.

பதிவு 15 | தூக்குக்குண்டு

நத்தை ஓடு இருந்தால் அது தண்ணீர் நின்ற இடம்தான் தம்பி. விரிசல்சுவர் ஐயாவின் வீடு மாதிரியே பாதி கெட்டி, பாதி கொட்டியது. முன்பக்கம் மட்டும் சின்னதாகக் கட்டிக்கொள்ள முடியுமா என்று யோசித்தீர்களா?

பதிவு 16 | கட்டுமானர்

அடித்தளத்துக்கு வழி உண்டு என்பதில் எனக்கு இப்போதும் மாற்றமில்லை. ஆனால் மண்ணாய்வாளர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், விலை பேசும் முன் தெரிய வேண்டும். துளையிட்டு அறிக்கை வாங்கி, பைலுக்கு ஒரு மதிப்பீடு எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு விற்பவரிடம் உட்காருங்கள். வேண்டுமானால் மதிப்பீட்டை இங்கே போடுங்கள், சரியா என்று பார்த்துச் சொல்கிறேன். எதிர்வீட்டு அம்மா சொன்னதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

பதிவு 17 | முதல்வீடு

துளை போட்டோம். பின்பாதியில் 4 மீட்டர் வரை N எண் 2, 3 என்றுதான் வந்தது. அதற்குக் கீழேதான் கெட்டி. கட்டுமானர் ஐயா மதிப்பீட்டைச் சரிபார்த்துக் கொடுத்தார், அவருக்கு என் நன்றி. அதை விற்பவரிடம் காட்டினோம். ஒரு பைசா குறைக்க மாட்டேன், வாங்க ஆள் இருக்கிறார்கள் என்றார். முன்பக்கம் மட்டும் கட்டலாமா என்றும் கணக்குப் பார்த்தோம், தெருவிலிருந்து தள்ளவேண்டியது போக இரண்டு அறைதான் வருகிறது. விட்டுவிட்டோம். மூன்று குழியையும் மூடி, மட்டம் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

அவர் சொன்ன அந்த இரண்டு பேரில் யாராவது இதைப் படித்தால், பின்பக்க மூலையில் தோண்டிப் பாருங்கள்.

பதிவு 18 | முதல்வீடு

நாலு மாதம் கழித்து எழுதுகிறேன். வேறு ஒரு மனை தகைந்து வருகிறது. மேட்டுப் பகுதி, சுற்றிலும் பழைய வீடுகள், ஒன்றிலும் ஜன்னல் மூலை விரிசல் கண்ணில் படவில்லை. பழைய படங்களைப் பார்த்தோம், எல்லா வருஷமும் ஒரே மாதிரி காய்ந்த நிலம். விற்பவர் குழிக்கு உடனே சரி என்றார்.

இங்கே நேற்றிலிருந்து நல்ல மழை. தரகர், மழை விட்டதும் போகலாம் என்கிறார். நாங்கள் நாளைக் காலையே குடையோடு போகிறோம்.